பத்து வீதம் எங்களுடையது, கூட்டத்துக்கு யார் போவது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டச் சம்பளப் பிரச்சினை பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளை விடாமல் வாசிப்பவன் நான். எல்லாச் செய்தியிலும் ஒரு பக்கம் கம்பனிகள், மறுபக்கம் தொழிலாளர்கள், நடுவில் சங்கங்களும் அமைச்சும் இருக்கிறார்கள். இதில் ஒரு விஷயம் மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது. அந்தக் கம்பனிகளில் பலவற்றில் எங்கள் அம்மா அப்பாமாரும் பங்குதாரர்கள். கூலி கேட்டு நிற்கும் ஆட்களாக மட்டும் அவர்களைப் பார்த்துப் பார்த்து, அவர்களுக்கே அது மறந்து போய்விட்டது. அதைப் பற்றி ஒரு தடவையாவது விரிவாக எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இளைய வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுபதுகளில் இலங்கை அரசு எடுத்துக்கொண்ட தோட்டங்களை ஜனவசம என்ற அரச நிறுவனமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தி நட்டத்தில் விழுந்த பிறகு, 1992இல் அவற்றில் பெரும்பாலானவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, நிர்வாகம் தனியாரிடம் போனது. நிலம் இன்னும் அரசுடையதுதான், கம்பனிகளிடம் இருப்பது 2045 வரைக்கும் குத்தகை. 1995க்குப் பிறகு பங்குகளை விற்கத் தொடங்கியபோது பொதுவாகப் பின்பற்றிய கணக்கு இது: 51 வீதம் நிர்வாகத்தை எடுத்த தாய்க் கம்பனிக்கு, 20 வீதம் பங்குச் சந்தை வழியாகப் பொதுமக்களுக்கு, 19 வீதம் அரசின் கையில், மிச்சம் 10 வீதம் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இலவசமாக. இது போக திறைசேரிச் செயலாளரின் பெயரில் 'கோல்டன் ஷெயார்' என்று ஒரே ஒரு சிறப்புப் பங்கும் உண்டு. (ஜனவசமவிலும் கூட்டுத்தாபனத்திலும் இன்றும் இருக்கும் தோட்டத்து மக்களுக்கு இந்தப் பங்கு இல்லை, அவர்களுடைய பிரச்சினை தனி.)

அந்த 10 வீதம் இப்போது எங்கே இருக்கிறது என்று எந்த லயத்திலாவது போய்க் கேட்டுப் பாருங்கள். எங்கள் அம்மாவின் சான்றிதழ் சேமகாசுப் புத்தகத்தோடும் பிறப்பு அத்தாட்சிகளோடும் ஒரு பொலிதீன் உறைக்குள் தகரப்பெட்டியில் இருந்தது. தடித்த தாள், ஓரத்தில் பூ வேலை, கீழே கம்பனி முத்திரை, முழுவதும் ஆங்கிலம். அதில் அம்மாவின் பெயரை ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் எழுதியிருந்தார்கள், அப்பா பெயரின் முதலெழுத்தும் மாறியிருந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தபோது "பத்திரமா வச்சிக்கங்க" என்று மட்டும்தான் சொன்னார்களாம். அதை வைத்திருந்தால் என்ன கிடைக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றால் என்ன, பங்கிலாபம் எப்படி வரும், செத்துப் போனால் யாருக்குப் போகும், இதில் ஒன்றையும் தமிழில் எடுத்துச் சொல்ல அன்றைக்கு ஆள் இருக்கவில்லை.

பிறகு நடந்ததும் தெரிந்த கதைதான். சம்பள நாளில் கையில் காசோடு ஆட்கள் வந்து, தாளைக் கொடுத்தால் காசு தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். கடன், கல்யாணம், திருவிழா, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு என்று எத்தனையோ பேர் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவே முடியாது, என்ன கையில் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்த பொருளை யார்தான் காப்பாற்றி வைப்பார்கள். விற்காதவர்களின் தாள் லயத்துத் தீயில் போனது, கூரை ஒழுக்கில் நனைந்தது, அல்லது அவர்கள் இறந்த பிறகு பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட, பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

இன்னொன்று தபால். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்களில் கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபீசுக்கு வந்து அங்கிருந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். வாக்காளர் அட்டைக்கும் வங்கிக் கடிதத்துக்கும் இந்தக் கஷ்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், பங்குதாரரின் கடிதத்துக்கும் அதே வழிதான் என்பதை யாரும் யோசிப்பதில்லை. கம்பனி தன் பங்குதாரருக்கு அனுப்பும் கூட்ட அறிவித்தலும் ஆண்டறிக்கையும் பங்கிலாபக் காசோலையும் அதே கம்பனியின் ஒபீஸ் மேசை வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த காசோலை ஒன்றையும் வங்கியில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள், தொகை சின்னது என்று அம்மா அதை அப்படியே விட்டுவிட்டார். கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் நான் சில காலம் வேலை செய்தேன். ஆண்டறிக்கைகளின் பொறுப்புகள் பக்கத்தில் 'கோரப்படாத பங்கிலாபம்' என்று ஒரு வரி வருவதுண்டு, அதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் காசோலைதான் ஞாபகம் வரும்.

சரி, இந்தப் பங்கால் ஒரு பிரயோசனமும் இல்லை, 51 வீதம் வைத்திருப்பவன் நினைத்ததுதான் நடக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்த சங்கத் தலைவர் ஒருவரே என்னிடம் அப்படிச் சொன்னார். கணக்கை ஒழுங்காகப் பார்த்தால் அது சரியில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்குப் போதும், ஆனால் விசேட தீர்மானத்துக்கு 75 வீதம் வேண்டும். கம்பனியின் அமைப்புவிதிகளை மாற்றுவதற்கும், சொத்தின் பெறுமதியில் பாதிக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல் செய்வதற்கும் விசேட தீர்மானம்தான். ஆரம்பக் கணக்கில் தாய்க் கம்பனியின் 51ஐயும் அரசின் 19ஐயும் கூட்டினால்கூட 70தான் வருகிறது. மிச்சமுள்ள 30இல் எங்கள் 10 இருந்தது. அதாவது தொழிலாளியும் பொதுமக்களும் கூட்டத்துக்கு வந்து எதிர்த்து வாக்குப் போட்டிருந்தால் சில தீர்மானங்கள் தடைப்பட்டிருக்கும்! இன்றைக்குப் பல கம்பனிகளில் அரசு தன் 19 வீதத்தையும் விற்றுவிட்டது, எங்கள் ஆட்களின் பங்கும் கைமாறிப் போனதால் கணக்கு மாறியிருக்கிறது, அது உண்மைதான். ஆனாலும் எண்ணப்படுவது போடப்பட்ட வாக்கு மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். கூட்டத்துக்கு வராதவரின் பங்கு எந்தப் பக்கத்திலும் சேராது. முப்பது வருடமாக எங்கள் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதால்தான் 51 வீதம் நூறு வீதம் மாதிரி நடந்துகொள்ள முடிகிறது.

வாக்கால் தடுக்க முடியாத இடத்துக்கு நீதிமன்றம் இருக்கிறது. சட்டத்தின் 224ஆம் பிரிவு, கம்பனியின் அலுவல்கள் பங்குதாரரை நசுக்கும் விதத்தில் நடத்தப்பட்டால் நீதிமன்றம் போகலாம் என்கிறது. 225ஆம் பிரிவு கம்பனியின் நலனுக்குக் கேடான நிர்வாகச் சீர்கேட்டைப் பற்றியது. இந்த இரண்டுக்கும் போவதற்குப் பங்குகளின் வாக்குரிமையில் 5 வீதம் வைத்திருக்க வேண்டும், அல்லது பங்குதாரர்களின் மொத்த எண்ணிக்கையில் 5 வீதமான ஆட்கள் சேர வேண்டும். அந்த 'அல்லது'வுக்குப் பிறகு இருப்பதை இரண்டு தடவை வாசியுங்கள். தலையெண்ணிக்கை! கொழும்பில் இருக்கும் சின்ன முதலீட்டாளருக்கு அந்த வழியில் ஆள் சேர்ப்பது பெரும்பாடு, ஒருவரையொருவர் தெரியாது. எங்களுக்கோ ஆள்தான் இருக்கிறது, காசுதான் இல்லை. ஒரு கம்பனியில் பத்தாயிரம் பங்குதாரர் என்று வைத்துக்கொண்டால் ஐந்நூறு பேரின் கையெழுத்துப் போதும். ஒருவரிடம் எத்தனை பங்கு இருக்கிறது என்று அந்த இடத்தில் பார்ப்பதில்லை. பெயர் பதிவேட்டில் இருக்கிற ஐந்நூறு பேரை இரண்டு மூன்று தோட்டங்களில் சேர்க்க முடியாத சங்கம் மலையகத்தில் இருக்கிறதா?

234ஆம் பிரிவு இன்னொரு வழி. பணிப்பாளர்கள் செய்த காரியத்தால் கம்பனிக்கே நட்டம் வந்திருக்கிறது, ஆனால் கம்பனியை நடத்துபவர்களும் அவர்களே என்பதால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்றால், ஒரு பங்குதாரர் நீதிமன்றத்தின் அனுமதியோடு கம்பனியின் பெயரில் வழக்கை நடத்தலாம். இதற்கு 5 வீதம் தேவையில்லை. வழக்கு வெல்லும் வாய்ப்பு, செலவு, கம்பனியின் நலன் இதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும், அனுமதி கொடுத்தால் நியாயமான செலவைக் கம்பனியே ஏற்க உத்தரவிடவும் முடியும். 10 வீத வாக்கு ஒன்று சேர்ந்தால் விசேட பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லியும் கேட்கலாம். சட்டம் கேட்பதும் 10, அன்று எங்களுக்குக் கொடுத்ததும் 10.

எதைக் கேட்பது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் 'எங்களுக்கு நியாயம் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் பணிப்பாளர் சபையில் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆண்டறிக்கையின் பின்பக்கத்துக் குறிப்புகளில் 'தொடர்புடைய தரப்புக் கொடுக்கல் வாங்கல்' என்று ஒரு பகுதி இருக்கும். தாய்க் கம்பனிக்கு முகாமைக் கட்டணம் எவ்வளவு போனது, ஒரே குழுமத்துக் கம்பனிக்கு எவ்வளவு கடன் கொடுக்கப்பட்டது, என்ன வட்டிக்கு, யாருக்குத் தேயிலை விற்றார்கள், யாரிடம் உரம் வாங்கினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் வர வேண்டும். கொழும்பு பங்குச் சந்தையின் விதிகளில் 9ஆம் பிரிவு முழுக்கக் கம்பனி ஆளுகை பற்றியது, 2023இல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். சுயாதீனப் பணிப்பாளர்கள், கணக்காய்வுக் குழு, தொடர்புடைய தரப்புக் கொடுக்கல் வாங்கலைப் பரிசீலிக்கும் குழு எல்லாம் பட்டியலிட்ட கம்பனிக்குக் கட்டாயம். தோட்டத்து ஆற்றில் சின்ன நீர்மின் நிலையம், துரை பங்களாவில் ஹோட்டல், மலைச்சரிவில் மர வியாபாரம் என்று இப்போது எவ்வளவோ நடக்கிறது. அந்த வருமானம் எங்களுக்குப் பங்கு இருக்கும் கம்பனிக்குள் வருகிறதா, பக்கத்தில் நிற்கும் வேறு கம்பனிக்குப் போகிறதா, நிலத்தைக் கீழ்க்குத்தகைக்கு விட்டபோது கோல்டன் ஷெயார்காரரான திறைசேரியின் சம்மதம் வாங்கப்பட்டதா? அந்த ஒற்றைப் பங்குக்குக் கம்பனியின் புத்தகங்களைப் பரிசோதிக்கவும் காலாண்டு அறிக்கை கேட்டு வாங்கவும் உரிமை இருக்கிறது. எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் திறைசேரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த உரிமையைக் கடைசியாக எப்போது பாவித்தீர்கள் என்பதுதான்.

எல்லாக் கம்பனியிலும் தப்பு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துகிற கம்பனிக்கு இந்தக் கேள்விகளால் ஒரு கஷ்டமும் வராது. "சம்பளம் கூட்ட முடியாது, கம்பனி நட்டத்தில் ஓடுகிறது" என்று சொல்லும்போது, நட்டம் எங்கிருந்து வந்தது என்று கணக்கைத் திறந்து கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இருப்பதைத்தான் சொல்கிறேன். கூலிக்காரராகக் கேட்டால் இரகசியம் என்பார்கள். பங்குதாரராகக் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது என் மனதில் அதிகம் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் நடத்த ஆள் யார்? கொழும்பில் உள்ள பெரிய சட்ட நிறுவனங்களில் கம்பனி ஆளுகைக்கும் பங்குதாரர் வழக்குக்கும் தனிப் பிரிவே இருக்கிறது, திறமையானவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கம்பனியும் பணிப்பாளர்களும் பெரிய முதலீட்டாளர்களும்தான் அங்கே போக முடியும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை நீதிமன்றங்களில் இப்போது எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் சட்டத்தரணிகளாக நிற்கிறார்கள், பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. அவர்கள் கையில் இருப்பதோ தாபரிப்பு வழக்கு, காணி வழக்கு, பொலிஸ் வழக்கு, தொழில் நியாய சபை வழக்கு. பங்குதாரர் வழக்கைக் கையில் எடுத்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. கம்பனி வழக்குக் கொழும்பில் வணிக மேல் நீதிமன்றத்தில், ஆங்கிலத்தில், வருடக்கணக்கில் இழுபடும், வாடிக்கையாளரிடம் கட்டணம் கொடுக்கக் காசு இருக்காது. இளம் சட்டத்தரணி ஒருவர் இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பது எனக்கு விளங்குகிறது.

அமெரிக்காவில் இந்தத் தொழில் வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது. அங்கே பெரிய கம்பனிகளில் பெரும் பகுதி டெலவெயார் என்ற சின்ன மாநிலத்தில் பதிவானவை, அந்த மாநிலக் கம்பனிச் சட்டத்தின் 220ஆம் பிரிவில் பங்குதாரர் கம்பனியின் புத்தகங்களைப் பார்க்கக் கேட்டு, அதில் கிடைத்ததை வைத்து வழக்குப் போடுவது வழக்கம். வழக்கு வென்றால் மட்டும் கட்டணம் எடுக்கும் சட்ட நிறுவனங்கள் சின்னப் பங்குதாரர்களைக் கூட்டாகச் சேர்த்து நடத்துகின்றன. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, நமக்கு அந்த அளவு நட்டஈடும் இல்லை, கூட்டு வழக்கு முறையும் அப்படி இல்லை. இங்கே செலவைத் தாங்கக்கூடிய இடம் ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது, மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடிக்கும் தொழிற்சங்கங்கள்.

சங்கங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, எங்கள் அப்பா கடைசி வரைக்கும் சங்கக்காரர். ஆனால் 2024இல் 1,700 ரூபா நாட்சம்பள வர்த்தமானி வந்ததும் கம்பனிகள் உடனே நீதிமன்றம் போய், ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கின. அவர்களிடம் அதற்கென்று ஆள் தயாராக இருந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கும் ஊர்வலம்தான் போனது. ஊர்வலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதோடு ஒரு சட்டப் பிரிவும் வேண்டும் என்கிறேன். சங்கங்கள் ஒன்று சேர்ந்து கம்பனிச் சட்டம் தெரிந்த இரண்டு மூன்று சட்டத்தரணிகளையும் ஆண்டறிக்கை வாசிக்கத் தெரிந்த ஒரு கணக்காளரையும் நிரந்தரமாக வைத்தால் போதும். முதல் வேலை வழக்கும் இல்லை. பங்குதாரர் பதிவேட்டைப் பார்க்க ஒரு பங்குதாரருக்கு உரிமை உண்டு. அதைப் பார்த்து, எங்கள் ஆட்களில் யார் பெயர் இன்னும் இருக்கிறது, யார் இறந்துவிட்டார், யாருடைய விலாசம் பழையது என்று தோட்டம் தோட்டமாக ஒரு பட்டியல் போட வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழுவும் காணி, தாபரிப்பு போல இதையும் ஒரு தேவையாக எடுத்துப் பார்க்கலாம்.

வீட்டில் சான்றிதழ் இருப்பவர்கள் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தாளில் கம்பனியின் பெயரும் இலக்கமும் இருக்கும், கம்பனிச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, கோராத பங்கிலாபம் எவ்வளவு என்று கேளுங்கள், விலாசத்தைத் தோட்டத்து ஒபீசிலிருந்து உங்களுக்கு நேராகக் கடிதம் வரும் இடத்துக்கு மாற்றுங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தாலும் பதிவேட்டில் பெயர் இருந்தால் பங்கு உங்களுடையதுதான், புதுப் பிரதி கேட்கலாம். அம்மா அப்பா இறந்திருந்தால் மரண அத்தாட்சியோடு, உரிமையை மாற்ற என்னென்ன வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சத்தியக்கடதாசி வேண்டும், பெயர் திருத்தம் வேண்டும் என்பார்கள், அலைச்சல்தான், அப்புறம் சந்தையில் விற்பதாக இருந்தால் பங்குத் தரகர் மூலம், பங்குகளைத் தாளில்லாமல் கணினிக் கணக்கில் வைக்கும் மத்திய வைப்புத் திட்டத்தில் கணக்கும் திறக்க வேண்டும். வீடு தேடி வந்து காசு தருகிறேன் என்பவரிடம் மட்டும் தாளைக் கொடுத்துவிடாதீர்கள், அன்றைய விலையை முதலில் பாருங்கள், பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம்.

கூட்டத்துக்குக் கொழும்பு போகக் காசில்லை என்றால் அறிவித்தலோடு வரும் பதிலாள் படிவத்தில், உங்களுக்குப் பதிலாகப் போய் வாக்குப் போட நீங்கள் நம்பும் ஒருவரின் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பலாம், கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பதே பொதுவான விதி. அந்த இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினால் பெரும்பாலும் கூட்டத் தலைவரே உங்கள் வாக்கைப் போடும்படி படிவத்தில் அச்சிட்டிருக்கும், ஆகவே பெயரை எழுதாமல் அனுப்ப வேண்டாம். 2020க்குப் பிறகு பல கம்பனிகள் கூட்டத்தை இணையவழியில் நடத்துகின்றன, முன்கூட்டியே பதிந்தால் மஸ்கெலியாவில் இருந்து கைத்தொலைபேசியிலேயே கேள்வி கேட்கலாம். லயத்துப் பிள்ளைகளிடம் இப்போது அந்தத் திறமை தாராளமாக இருக்கிறது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்க வேண்டும். மார்ச் 31இல் கணக்கை முடிக்கும் கம்பனிகளின் கூட்டம் செப்டெம்பருக்குள்ளும், டிசம்பரில் முடிப்பவற்றின் கூட்டம் ஜூனுக்குள்ளும் வந்துவிடும். திகதிகள் பங்குச் சந்தையில் அறிவிக்கப்படுகின்றன. எந்தக் கம்பனிக்கு எந்தத் தோட்டங்கள், கூட்டம் என்றைக்கு, பதிலாள் படிவம் எப்போதைக்குள் போக வேண்டும், பங்கிலாபம் அறிவித்திருக்கிறார்களா, இவ்வளவையும் உங்கள் மலையகப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கம்பனிச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் வாசகர் கேள்விக்குப் பதில் எழுத முன்வந்தால் அவருக்கும் ஒரு மூலை கொடுங்கள். முதல் கேள்விகளைச் சேர்த்து அனுப்ப நான் தயார், எங்கள் தோட்டத்தில் மட்டுமே கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன.

இப்படிக்கு,
தோட்டத்துப் பங்குதாரர் ஒருவரின் மகன்,
ஹட்டன்.